படம் ஒரு வயரில், சத்தம் இன்னொரு வயரில்

தம்பி,

இந்தக் கடிதம் தபாலில் வரவில்லை என்பதை முதலில் கவனி. கீழ் வீட்டு ரீச்சர் தன் மகளின் பிள்ளைப்பேற்றுக்காக லண்டன் வருகிறார். அவருடைய கைப்பைக்குள், பேரப்பிள்ளைக்குத் தைத்த சட்டைகளுக்கு நடுவில் இது வருகிறது. நலம், நலமறிய ஆவல் என்று தொடங்குவதுதான் முறை. நாங்கள் நலமா இல்லையா என்பதை வாசித்து முடித்த பிறகு நீயே தீர்மானித்துக்கொள். உன் கல்யாணம் முடிந்த நாளிலிருந்து ஃபோன் எடுக்கும் போதெல்லாம் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறாய். "நான் பூட்டித் தந்ததை ஏனப்பா கழட்டினீங்கள்?" நானும் ஒவ்வொரு முறையும் தூசி தட்டக் கழற்றியதாகவே சொல்லி வருகிறேன். இந்தக் கொழும்பு வெள்ளவத்தையில் கடல் பக்கம் வீடு எடுத்தவனுக்கு உப்புக் காற்றுத்தான் தொல்லை, தூசியல்ல. இருபத்தைந்து வயது வரை இந்த வீட்டில் இருந்தவன் அதையாவது யோசித்திருக்கலாமே என்று எனக்கு உன்மேல் கோபமும் வந்தது. பிறகு யோசித்துப் பார்த்தேன். தூரத்தில் இருப்பவனுக்கு நாங்கள் சொல்வதுதான் செய்தி. நாங்களே பொய் சொன்னால் அவன் என்ன செய்வான்.

நீ போன முறை வந்தபோது நடந்ததை உனக்கே திருப்பிச் சொல்கிறேன், ஏனென்றால் மிச்சமெல்லாம் அதிலிருந்துதான் வருகிறது. அம்மாவுக்குக் காது மந்தமாகி விட்டது என்று நான் எழுதியதை நீ நம்பவில்லை. வந்து, குசினிக்குள் நின்று, "அம்மா தேத்தண்ணி" என்று முதுகுக்குப் பின்னால் கேட்டாய். அவள் திரும்பவில்லை. அன்று மத்தியானம் நீ சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழும்பிப் போனது எனக்குத் தெரியும். அடுத்த நாளே பம்பலப்பிட்டிக்குப் போய் ரிசீவர் என்று அந்தக் கறுத்தப் பெட்டியையும், அரிசி மூட்டை உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கரையும் த்ரீவீலரில் ஏற்றிக்கொண்டு வந்தாய். காது மெஷின் வாங்கித் தரலாமே என்று கேட்டேன். அம்மா அதை வைக்கமாட்டேன் என்று அடம்பிடித்தது உனக்கும் தெரியும். "மெஷின் வேண்டாமெண்டா விடுங்கோ. என்ரை சத்தத்தைப் பெரிசாக்கினாச் சரிதானே" என்றாய்.

வீட்டிலிருந்த கம்பியூட்டருக்கென்று தனியாகத் திரை வேண்டாம், டிவியே போதும் என்றாய். கம்பியூட்டரிலிருந்து படம் ஒரு வயரில் வந்து ரிசீவருக்குள் போகும். சத்தம் இன்னொரு வயரில் வந்து அதற்குள்ளேயே போகும். அங்கே இரண்டும் சேர்ந்து, பிறகு படம் டிவிக்கும் சத்தம் ஸ்பீக்கர்களுக்கும் பிரிந்து போகும். எங்கள் குடும்பம் மாதிரித்தான் என்று நீ சிரித்தாய். நாங்கள் உனக்குத் தெரிய டிவிக்கு மேலே ஒரு சின்னக் கமெராவையும் வைத்தாய். உள்ளே போகிற பட வயரும் வெளியே வருகிற பட வயரும் அச்சொட்டாக ஒரே மாதிரி. நாங்கள் குழம்பக்கூடாது என்று வெள்ளைப் பிளாஸ்டரை வெட்டி, தமிழில் குண்டு குண்டாக எழுதி ஒட்டினாய். 'படம் உள்ளே.' 'படம் வெளியே.' 'சத்தம்.' ரிமோட்டில் ஒரு பொத்தானுக்குப் பக்கத்தில் 'இதை மட்டும் அமத்துங்கோ.' நாற்பது வருசம் பௌதிகம் படிப்பித்தவனுக்கு இப்படி எழுதி ஒட்டுகிறானே என்று எனக்கு உள்ளுக்குள் எரிச்சல். "அப்பா, இதுக்குள்ளை நீங்கள் கையே வைக்காதேங்கோ" என்று வேறு சொல்லிவிட்டுப் போனாய்.

அதன் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமைகள்தான் அம்மாவின் நல்ல காலம். நீ டிவியில் வருவாய். உன் குரல் கண்ணாடிக் கதவு அதிர வரும். பக்கத்துத் தண்டவாளத்தில் ரயில் போனாலும் அதை மேவிக்கொண்டு வரும். "சாப்பிட்டனியே?" என்று அவள் கேட்பாள், "ஓமம்மா" என்று நீ சொல்வாய். அந்த ஓமைக் கேட்டதும் என்னைத் திரும்பிப் பார்ப்பாள், ஏதோ நான் உன்னைப் பட்டினி போட்டவன் மாதிரி.

அப்படியிருக்கும்போதுதான் ஒரு நாள் விடியற்காலை ரீச்சர் மேலே ஏறி வந்து கதவைத் தட்டினார். "மாஸ்டர், மேல் ஒழுங்கையிலை ஆமி செக் பண்ணுதாம். அடுத்தது எங்கடைதான்." ஆமியும் பொலிசும் வீடு வீடாக வருகிற செக்கிங் எங்களுக்குப் புதிதா என்ன. பொலிஸ் பதிவுத் துண்டும் ஐடென்டிட்டி கார்டும் எந்த நேரமும் கதவுக்குப் பக்கத்து மேசை லாச்சிக்குள் இருக்கும். ஆனால் அந்தக் கிழமை ஒரு கதை அடிபட்டுக்கொண்டிருந்தது. எங்கேயோ ஒரு பொடியனின் அறையில் வயர்க் கட்டொன்று கிடந்ததாம், குண்டுக்கு என்று சொல்லிக் கொண்டுபோய் விட்டார்களாம். உண்மையோ பொய்யோ தெரியாது. அந்த நாட்களில் பொய்க் கதைக்கும் நாங்கள் உண்மையாகத்தான் பயந்தோம். அம்மா நேரே போய் டிவிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். "இஞ்சாருங்கோ, இதென்ன, தமிழிலை எழுதி ஒட்டிக் கிடக்கு. உள்ளே, வெளியே எண்டு கிடக்கு. அவங்களுக்கு இது என்னெண்டு விளங்கும்?" என்றாள். எனக்கும் அந்த நேரத்தில் விளங்கவில்லை தம்பி. பார்க்கப் பார்க்க அது எனக்கே டிவி வயராகத் தெரியவில்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பது சும்மா சொன்னதல்ல.

எல்லாவற்றையும் பிடுங்கினேன். அம்மா தேங்காய் எண்ணெய் தடவி, நகத்தால் சுரண்டிச் சுரண்டி உன் எழுத்தையெல்லாம் எடுத்தாள். ரிமோட்டில் இருந்ததையும் விடவில்லை. பிளாஸ்டர் துண்டுகளை அடுப்பில் போட்டாள். வயர்களைச் சுருட்டி அரிசி வாளிக்குள் புதைத்து மேலே அரிசி அளக்கிற சுண்டையும் போட்டு மூடினாள். பிறகு இருவரும் கதிரையில் இருந்து, வேர்த்து வழிய, வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். வந்தார்கள். கார்டைப் பார்த்தார்கள், கட்டிலுக்குக் கீழே பார்த்தார்கள். குசினி வாசலில் ஒருவன் கொஞ்ச நேரம் நின்றான். அரிசி வாளிக்கும் அவன் சப்பாத்துக்கும் இடையில் ஒரு சாண் இருக்காது. கடைசியாக ஸ்பீக்கரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "சத்தே ஹொந்தத?" என்று கேட்டான். சத்தம் நல்லதா என்று கேட்கிறான். "ஹொந்தாய் மாத்தயா" என்றேன், நல்லது ஐயா என்று. சிரித்துக்கொண்டு போய்விட்டார்கள். அதன் பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது. டிவிக்குப் பின்னால் இருந்தால் அது டிவி வயர். அரிசிக்குள் இருந்து எடுத்திருந்தால் அதற்கு என்ன பெயர் வைத்திருப்பார்கள்? அதை அம்மாவுக்கு நான் சொல்லவில்லை. 

இதை ஃபோனில் எப்படிச் சொல்வது? ஃபோனை யாராவது ஒட்டுக் கேட்கிறார்களா இல்லையா என்பது யாருக்கும் தெரியாது. தெரியாததால் எல்லாரும் பயம். செக்கிங், வயர், அரிசி வாளி என்று நான் ஃபோனில் அடுக்கியிருந்தால் அதைக் கேட்பவன் என்ன நினைப்பான். அதனால்தான் தூசி. நீ கல்யாணம் கட்டியவன் இப்போது, ஒன்று சொல்லி வைக்கிறேன். பயத்தால் சொல்லுகிற பொய்யையும் அலட்சியத்தால் சொல்லுகிற பொய்யையும் குரலை வைத்துப் பிரித்துப் பார்க்கப் பழகு. மருமகள் ஏதாவது ஒன்றை "ஒண்டுமில்லை" என்று சொன்னால் இரண்டாம் முறை கேள். என்னிடம் நீ இரண்டாம் முறை கேட்டாய், மூன்றாம் முறையும் கேட்டாய், ஆனால் ஏசிக்கொண்டு கேட்டாய்.

உன் கல்யாணத்துக்கு லண்டன் வர விசாவுக்குப் போய் நின்றோம், தரவில்லை. போனால் திரும்பி வரமாட்டோம் என்று நினைத்தார்களாம். உன் அம்மா இந்த வெள்ளவத்தைச் சந்தையை விட்டு வத்தளையில் இருக்கும் தன் தங்கச்சி வீட்டிலேயே இரண்டு நாள் தங்கமாட்டாள். தாலிக்குப் பொன் உருக்குகிற பொன்னுருக்கை நீ இல்லாமலே இங்கே செய்தோம், தாலியை ஆள் கையில் அனுப்பினோம். கல்யாணத்தை டிவியில் பார்ப்பது என்று முடிவானது. உன் சிநேகிதன் மண்டபத்தில் கம்பியூட்டரோடு நிற்பான், எங்களை அங்கே பெரிய திரையில் போடுவான், ஐயர் கூப்பிடும்போது நாங்கள் இங்கிருந்தே அறுகரிசி போட்டு ஆசீர்வதிப்போம். அம்மாவுக்கு இருந்த ஒரே ஆசை அதுதான். பெற்ற பிள்ளையின் தலையில் அறுகரிசி போட வேண்டும். தலையில் இல்லாவிட்டால் டிவியின் தலையிலாவது.

கழற்றிய வயரை எப்படிப் பூட்டுவது என்று உன்னிடம் ஃபோனில் கேட்கவும் பயம், அதனால் பூட்ட ஆள் தேடினேன், தேடாமல் இல்லை. இந்த மாடியில் முந்தி இருந்த பொடியன்கள் யாரும் இப்போது இல்லை. எல்லாரையும் தாய் தகப்பன் எப்படியோ வெளியே அனுப்பிவிட்டார்கள். நீ சாமான் வாங்கின கடைக்குப் போய்க் கேட்டேன். "சேர், டூல் பேக்கோடை வெள்ளவத்தை வரேக்கை செக்பொயிண்டிலை என்னை மறிச்சு வைச்சிருவாங்கள். நீங்கள் பெட்டியைக் கொண்டு வாங்கோ, நான் பூட்டிக் காட்டுறன்" என்றான் கடைக்காரன். அவன் வயரோடு வரப் பயப்படுகிறான், நான் வயரோடு போகப் பயப்படுகிறேன்.  பிறகு, கல்யாணத்துக்கு முதல் நாள், நானே பூட்டுவது என்று துணிந்தேன். பெட்டிக்குப் பின்னால் எத்தனை துளை தம்பி, பலாப்பழத்து முள்ளு மாதிரி. ஓமின் விதியை எத்தனை தலைமுறைக்குக் கரும்பலகையில் எழுதினேன். ஊருக்கெல்லாம் சொல்லுமாம் பல்லி, கூழ்ப்பானைக்குள் விழுமாம் துள்ளி.

கல்யாணத்தன்று சித்தி வத்தளையிலிருந்து பஸ் ஏறி வந்துவிட்டாள். அம்மா காலையிலேயே தலைக்கு முழுகி, தன் கூறைச் சேலையை எடுத்து உடுத்து, தாம்பாளத்தில் அறுகும் அரிசியும் வைத்துக்கொண்டு டிவிக்கு முன்னால் இருந்துவிட்டாள். உன் சிநேகிதன் கூப்பிட்டான். படம் வந்தது. மண்டபம், பூ, மணவறை, நடுவில் தலைப்பாகையோடு நீ. அம்மா "என்ரை பிள்ளை" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "சத்தத்தைக் கூட்டுங்கோவன்" என்றாள். சத்தம் வரவில்லை. கூட்டினேன், இன்னும் கூட்டினேன். ரிமோட்டில் எந்தப் பொத்தான் நீ சொன்ன பொத்தான்? ஒவ்வொன்றாக அமத்தினேன். திடீரென்று வீடு அதிர நாதஸ்வரம் எழும்பியது. அம்மாவின் முகம் மலர்ந்தது. அடுத்த கணம் பார்த்தால் டிவி கறுத்துப் போய் நிற்கிறது. திரும்ப அமத்தினால் நீ வருகிறாய், நாதஸ்வரம் போய்விடுகிறது. "கல்லைக் கண்டால் நாயைக் காணேல்லை, நாயைக் கண்டால் கல்லைக் காணேல்லை" என்றாள் சித்தி. சொல்லிவிட்டு அவளுக்கே அழுகை வந்துவிட்டது.

நான் டிவிக்குப் பின்னால் தவழ்ந்து போனேன். வேட்டி ஸ்பீக்கரில் மாட்டிக்கொண்டது. கமெரா டிவிக்கு மேலே இருந்து எல்லாவற்றையும் உங்களுக்குக் காட்டிக்கொண்டிருந்தது என்பது எனக்கு நினைவே இல்லை. வயர்களைப் பிடித்துப் பார்க்கிறேன், இழுக்கப் பயமாக இருக்கிறது. இழுத்து இருப்பதும் போய்விட்டால்? கையில் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டியது. உன் எழுத்து இருந்த இடம். எட்டிப் பார்த்தேன், ஐயர் தாலித் தட்டைச் சபைக்குக் காட்டிக்கொண்டு போகிறார். இனி நேரமில்லை. அம்மாவின் காதுக்குள் குனிந்து கத்தினேன். "இஞ்சாரும், ரெண்டும் வராது. பாக்கப் போறீரோ, கேக்கப் போறீரோ?"

அம்மா யோசிக்கவே இல்லை. "அவன்ரை முகம் எனக்குத் தெரியும். சத்தத்தைப் போடுங்கோ" என்றாள்.

பொத்தானை அமத்தினேன். கெட்டிமேளம் கேட்டது. நீ தாலி கட்டியதை நாங்கள் கேட்டோம். "மாப்பிள்ளையின்ரை தாய் தகப்பன், கொழும்பிலை இருந்து" என்று யாரோ மைக்கில் சொன்னதும் இருவரும் எழும்பி நின்று, முறைப்படி, கறுத்த டிவிக்கு அறுகரிசி போட்டோம். கண்ணாடியில் பட்டு அரிசி தெறிக்கிற சத்தம்கூட எனக்குக் கேட்டது. அப்போதுதான் மண்டபத்தில் சிரிப்பு எழும்பியது. நல்ல பெரிய ஸ்பீக்கர் தம்பி, நீ வாங்கித் தந்தது. ஒரு சிரிப்பும் தப்பவில்லை. என் வேட்டியைப் பார்த்துச் சிரித்தார்களோ, வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டு அரிசி எறிந்ததைப் பார்த்துச் சிரித்தார்களோ. அம்மா என்னைத் திரும்பிப் பார்த்து, "ஏன் சிரிக்கினம்?" என்று கேட்டாள். "சந்தோசத்திலை" என்றேன். அவளும் சிரித்தாள். அவள் சிரித்ததுதான் எனக்குத் தாங்க முடியவில்லை.

அன்று நீ ஃபோன் எடுத்து, "ஒரே ஒரு நாள் ஒழுங்காச் செய்யேலாதே அப்பா? எல்லாருக்கும் முன்னாலை வெக்கமாப் போச்சு" என்றாய். நீ சொன்னதில் பிழையில்லை. பெண் வீட்டாருக்கு முன்னால் தாய் தகப்பன் கோமாளியாக நின்றால் எந்தப் பிள்ளைக்கும் அப்படித்தான் இருக்கும். ஆனால் ஒன்று, அந்தச் சிரிப்பில் நீயும் இருந்தாயா என்று நான் பல நாள் யோசித்தேன். இருந்திருக்க மாட்டாய் என்றே முடிவு செய்து வைத்திருக்கிறேன். இருந்திருந்தாலும் அதை எனக்குச் சொல்லாதே.

அடுத்த நாள் காலை, ஆறுதலாக, ஒரு டோர்ச்சையும் கண்ணாடியையும் வைத்துக்கொண்டு பின்னால் குந்தியிருந்து பார்த்தேன். ஒவ்வொரு துளைக்குக் கீழேயும் பெயர் இருந்தது. படத்தை டிவிடி என்று எழுதின துளையில் குத்தியிருந்தேன். சத்தத்தின் சிவப்பையும் வெள்ளையையும் அதற்கு மேல் வரியில், சிடி என்று எழுதின துளைகளில் குத்தியிருந்தேன். இரண்டையும் ஒரே பெயருக்குக் கீழே கொண்டு வந்தால் முடிந்தது. ஒரு விரல் அகலம் கீழே இறக்கினேன். படமும் சத்தமும் சேர்ந்து வந்தன. அதைப் பார்த்து எனக்குச் சந்தோசம் வரவில்லை, வாய்விட்டு என்னையே ஏசினேன். நீயும் மருமகளும் ஊர் சுற்றிப் பார்க்கப் போய்விட்டீர்கள், திரும்பி வருகிற ஞாயிறு உன்னைக் கூப்பிடலாம் என்று அம்மா நாள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த ஞாயிற்றுக்கு முதல் நாள் திரும்பவும் செக்கிங் வந்தது. சப்பாத்துச் சத்தம் படியில் கேட்டதும் என் கால் தானாக டிவிப் பக்கம் போனது. அம்மா சத்தத்தைக் கேட்டிருக்க மாட்டாள், என் முகத்தைப் பார்த்து விளங்கிக்கொண்டாள். வந்து டிவிக்கு முன்னால் நின்றுவிட்டாள். "கழட்ட விடமாட்டன். கழட்டினாப் பிறகு ஆர் பூட்டுறது? நாளைக்குப் பிள்ளை வருவான்" என்றாள். நான் கழற்றவில்லை. இந்த முறை வந்தவர்கள் வேறு ஆட்கள். பின்னால் எட்டிப் பார்த்த அதிகாரி, "மே மொனவாத?" என்று கேட்டான். இதெல்லாம் என்ன என்கிறான். என் சிங்களம் உனக்குத் தெரியுமே. "புத்தா லண்டன், மாத்தயா. புத்தாகே மூண பலன்ட" என்றேன். மகனின் முகம் பார்க்க என்று. அவன் கெட்டவன் போல இருக்கவில்லை. வயர் ஒவ்வொன்றும் எங்கே போகிறது என்று தொட்டுப் பார்த்தான். பிறகு கம்பியூட்டரை மட்டும் எடுத்துக்கொள்ளும்படி தன் ஆட்களுக்குச் சொன்னான். "செக் கரலா தென்னங்" என்றான். பார்த்துவிட்டுத் தருவார்களாம். பொலிசுக்குப் போய்க் கேட்டேன். நாளைக்கு வா என்றார்கள், பிறகு அடுத்த கிழமை வா என்றார்கள். ரீச்சர் சொன்னார், "மாஸ்டர், வந்த வில்லங்கம் கம்பியூட்டரோடை போச்சுது எண்டு நினையுங்கோ. திரும்பத் திரும்பப் போய் முகத்தைக் காட்டாதேங்கோ." அவர் சொன்னது சரி. நான் போகவில்லை.

எனவே இனி ஃபோனில் "பூட்டினீங்களா" என்று கேட்காதே. கம்பியூட்டர் எங்கே என்றும் கேட்காதே. புதிதாக ஒன்றும் அனுப்பாதே. வயர்கள் டிவிக்குப் பின்னால் தொங்குகின்றன, ஒரு முனை ரிசீவரில், மறு முனை ஒன்றிலும் இல்லை. கழற்றி வைக்கப் போனால் அம்மா விடமாட்டாள். கமெராவை அவர்கள் எடுக்கவில்லை, அது டிவிக்கு மேலேயே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா நல்ல சேலை உடுத்து, பவுடர் போட்டு, அதற்கு நேரே கதிரையைப் போட்டு இருந்துதான் உன் ஃபோனை எடுக்கிறாள்.

கடைசியாக ஒன்று. நீ கதைக்கும்போது அவள் "ஓம், ஓம்" என்கிறாளே, அதை வைத்து அவளுக்குக் கேட்கிறது என்று நினையாதே. ஃபோனில் அவளுக்கு ஒரு சொல்லும் விளங்குவதில்லை. நீ ஏசின நாளிலும் ஓம் ஓம் என்று சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். அந்தப் பக்கத்தில் நீ இருக்கிறாய் என்பது மட்டும் அவளுக்குத் தெரியும். அதனால் ஏசுவதென்றாலும் ஏசு தம்பி, ஆனால் ஏசி முடிந்த உடனே ஃபோனை வைத்துவிடாதே.

அப்பா